பாட்டிலுக்குள்ளே ஈரம்

...பத்து நிமிஷம்மா! ஒரு பால் பாட்டில் வேக பத்து நிமிஷம்! அது என்ன பாட்டிலா, முத்தின கிழங்கா? போன்ல மணி வெச்சுட்டு அடுப்பு முன்னால காவல் நிக்கிறா. நான் பக்கத்துல போனாப் போதும், "அண்ணி, கை கழுவிட்டீங்களா?"ங்கிறா. என்னப் பாத்து! அவ புருஷனுக்கு மூக்கு சிந்திவிட்ட கைம்மா இது!

யாரா? அதான், இப்ப குழந்தையத் தூக்கிட்டு டாக்டரம்மா ரூமுக்குள்ள போனாளே, அவதான். என் தம்பி பொண்டாட்டி. நான் அவளுக்கு வெச்சிருக்கிற பேரு விஞ்ஞானி. தம்பியும் கூடப் போயிருக்கான். ரெண்டு பேருக்கு மேல உள்ள விடமாட்டாங்களாம். "பெரியவங்க வெளிய உக்காருங்க"ன்னுட்டா அந்த நர்ஸ் பொண்ணு. யாரு பெரியவங்க? எனக்கு இன்னும் அம்பதுகூட ஆகல.

கொஞ்சம் நகந்து உக்காரேன், இந்த நாற்காலி ஒரு கால் ஆடுது... ஆங். உன் குழந்தைக்கு எத்தனை மாசம்? எங்களுதுக்கு மூணு. உன்னுது நல்லா கொழுகொழுன்னு இருக்கு, என் கண்ணே பட்டுடும். எங்களுது ரெண்டு நாளா துணியாத் தொங்குதும்மா. வயித்தால போகுது. நேத்தே இங்க வந்து மருந்து வாங்கிட்டுப் போனோம், நிக்கல. காலைலேர்ந்து அழக்கூட தெம்பில்ல. இன்னிக்கும் நிக்கலேன்னா சேத்து, கையில ஊசி குத்தி தண்ணி ஏத்தணுமாம். இத்தனூண்டு கை... அதுல எங்க குத்துவாங்க? சொல்லு.

எல்லாம் அவளோட அதிபுத்திசாலித்தனம். பால் பத்தல, பாட்டில் குடுக்கணும்னு ஆயிடுச்சு. சரி, குடு. யாரு வேணாம்னா? ஆனா ஒரு பாட்டில அஞ்சு துண்டாக் கழட்டறா. மூடி தனி, வளையம் தனி, ரப்பர் தனி. பிரஷ் போட்டு சோப்புல தேய்க்கிறா. அலசறா. அப்புறம் பெரிய பாத்திரத்துல முழுகப் போட்டு, "காத்துக்குமிழி இருக்கக்கூடாது அண்ணி"ங்கிறா. இருந்தா என்னவாம்? குமிழி கடிக்குமா? கொதிச்சதும் கையால எடுக்க மாட்டா. அதுக்கு ஒரு இடுக்கி. அந்த இடுக்கியும் கொதிக்கணும்! வெடிகுண்டு எடுக்கிற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்து, கம்பித்தட்டுல கவுத்து வெச்சுட்டு, "தானா காயட்டும், யாரும் தொடாதீங்க"ன்னு உத்தரவு போட்டுட்டு குளிக்கப் போயிடுவா.

எங்கம்மா போனப்ப என் தம்பிக்கு ஒரு வயசு. நான் ஆறாங்கிளாஸ் பாதியில நின்னு இவனத் தூக்கினேன். அப்ப எனக்கு யாரு இடுக்கி குடுத்தா? வளரலியா? உள்ள நிக்கிறானே எருமை மாதிரி, பாத்தியில்ல?

சிரிக்காத, கேளு. நேத்து டாக்டரம்மா கேட்டாங்களாம், "பாட்டில் சுத்தமா இருக்கா, ஒழுங்கா கொதிக்க வெக்கிறீங்களா?"ன்னு. அவ்வளவுதான்! வண்டியில வரும்போது தம்பி பிடிச்சான் பாரு. "ஒரு பாட்டில கொதிக்க வெக்கத் தெரியாதா உனக்கு?" அவ ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்தா. பொய் எதுக்கு, எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருந்துச்சு. ராத்திரி சாப்பிடவும் இல்ல மகாராணி. இன்னிக்குக் காலைல தம்பி சொல்லிட்டான், "இனிமே பாட்டில் வேலைய அக்காகிட்ட விட்டுடு"ன்னு. வேணும் அவளுக்கு!

இன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து நான்தான். ஒரு கொதி, வெளிய எடு, உள்ள ஒரு துடை துடை, முடிஞ்சுது.

துடைக்காம பின்ன? நான் தம்பி வீட்டுக்கு வந்த மறுநாளே பாத்தேன், கவுத்து வெச்ச பாட்டிலுக்குள்ள முத்து முத்தா தண்ணி. அந்த ஈரத்துலயே பால ஊத்தினா சளி பிடிக்காது? சொன்னா கேக்க மாட்டா. அதான் அவ குளிக்கப் போனதும் நானே கரண்டிக் காம்புல துணியச் சுத்தி, உள்ள விட்டு, ரப்பருக்குள்ள விரல விட்டு, சொட்டு ஈரம் இல்லாம துடைச்சு வெச்சிடுவேன். அவளுக்குத் தெரியவே தெரியாது! எவ்வளவு சீக்கிரம் காஞ்சிடுச்சுன்னு அவளே ஆச்சரியப்பட்டாளாம்.

எந்தத் துணியா? என்னம்மா கேள்வி இது... கையில இருக்கிற துணிதான். சமையல் மேடையில கிடக்குமே. ஆமா, அடுப்பும் அதாலதான் துடைக்கிறது, கையும் அதுலதான்... அலசித்தானே போடறேன். தினமும் இல்ல. அலசுவேன்.

எப்போலேர்ந்தா? நான் வந்தது... இன்னிக்கு என்ன கிழமை? அஞ்சு நாளா துடைக்கிறேன்.

குழந்தைக்கா? குழந்தைக்கு... அதான் சொன்னேனே. ரெண்டு நாளா.

...

நான் வர்றதுக்கு முன்னாலயா? இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசமா பாட்டில்தான். ஒரு நாளும்...

ஏன் அப்படிப் பாக்குற? சளி பிடிக்கக்கூடாதுன்னுதாம்மா. நான் என்ன, வேணும்னா செய்வேன்? என் தம்பி குழந்தைம்மா அது. என் மடியிலதான் தூங்கும், தெரியுமா? அவகிட்டகூட அப்படித் தூங்காது.

உள்ள கேக்குதா? அவன்தான். மறுபடியும் கத்தறான் அவள. டாக்டரம்மா முன்னாலயே...

எங்க எழுந்துட்ட? நர்ஸ்கிட்டயா? வேணாம்மா. உன் காலப் பிடிக்கறேன், உக்காரு. அவளுக்குத் தெரிஞ்சா என்னய அந்த வீட்டுப் படி ஏறவிடுவாளா? குழந்தையத் தொடவிடுவாளா? நானா இருந்தா விடுவேனா?

...

காரணம் தெரியாம மருந்து குடுத்தா கேக்காதோ? நேத்து கேக்கலியே. சாயங்காலம் வீட்டுக்குப் போனா, பாட்டில் வேலை... என்கிட்டதான...

சரி. நீ உக்காரு. உன் குழந்தைய வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இது. இந்தப் பைய மட்டும் பாத்துக்க. நர்ஸ் பொண்ணு ஏதாவது சொன்னா சொல்லட்டும், நான் கதவத் தட்டறேன்.

தம்பி... டேய், கத்தாதடா, நகரு. டாக்டரம்மா, இவ நல்லாத்தாங்க கொதிக்க வெக்கிறா.