தானா விழுற வரைக்கும்

அந்தப் படியில கால வைக்காதீங்க தம்பி, உளுத்துப்போச்சு. அதுக்கு மேல இருக்கறதுல வைங்க. ஆங், அப்படித்தான். கயித்தப் புடிச்சிக்கங்க. என்னையவே தாங்குது, உங்களத் தாங்காதா. கீழயிருந்து கத்திப் பேசறதுக்கு இப்படி மேல வந்து உக்காந்து பேசிடலாம். உங்க ஆளுங்க அங்கயே நிக்கட்டும். அந்த ரம்பத்த மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க.

உக்காருங்க. பஸ் சீட்டுதான். டிப்போவுல ஸ்கிராப்புக்குப் போனது, கேட்டு வாங்குனேன், திருடல. ராத்திரி பூரா பஸ் கழுவுறவன் லா நான். ரெண்டு சீட்டச் சேத்துப் போட்டா கால நீட்டிப் படுத்துக்கலாம்.

புரியுது, புரியுது. அரசாங்க நிலம். ரோட்டோரம் போர்டு வச்சிருக்காங்க, படிச்சுட்டுத்தான் வேலியத் தாண்டுனேன். இங்க வீடு கட்டப்போறாங்க, மரத்துக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடிச்சிட்டீங்க, அதயும் பாத்தேன். இந்த மாமரத்துக்கு நீங்க பெயிண்ட் அடிக்கறப்ப நான் மேலதான் படுத்திருந்தேன். தொண்டையச் செருமலாமான்னு நெனச்சேன். பயந்துருவீங்கன்னு விட்டுட்டேன்.

நான் வேணாங்கல. வெட்டிக்கங்க. நாளைக்கு வேணாங்கறேன், அவ்ளோதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் வாங்க. இந்த மரத்தையும் அதோ அந்த டுரியான் மரத்தையும் மட்டும் அதுவரைக்கும் விட்டுருங்க. மெஷின அந்தக் கோடியிலருந்து ஆரம்பிச்சா, எப்படியும் இங்க வர்றதுக்கு வெள்ளிக்கிழமை ஆயிரும். உங்க கையில இருக்கறதுதான?

இல்ல தம்பி, வீடில்லாதவன்னு எழுதிடாதீங்க. வீடு இருக்கு. பூன் லேல. சம்சாரம் இருக்கா, வைதேகின்னு பேரு. பொண்ணு படிக்குது. என்ன ஒண்ணு, பகல்ல தூங்கறவனுக்கு அந்த ப்ளாக்குல எடமில்ல. மேல் வீட்டுல ட்ரில்லிங் போட்டுக்கிட்டே இருக்கான். அது கூடப் பழகிரும். நான் லிஃப்ட்டுல ஏறுனா அதுவரைக்கும் பேசிக்கிட்டிருந்தவங்க பேச்ச நிறுத்திக்கிறாங்க பாருங்க, அந்தச் சத்தந்தான் பழகவே இல்ல. அதனால ஷிஃப்ட் முடிஞ்சா நேரா இங்க வந்துருவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் குளிச்சுட்டு, சாப்ட்டுட்டு, டிப்போ. இந்த வாரம் மட்டும் லீவு போட்டுட்டு ராத்திரியும் இங்கயே தங்கிட்டேன்.

கரண்டா? கரண்டுக்கு எங்க போறது. செல்ஃபோன டிப்போவுல சார்ஜ் பண்றதோட சரி, இந்த வாரம் அதையும் ஆஃப் பண்ணிப் பையில போட்டுட்டேன். தண்ணிக்கு அந்தத் தார்ப்பாய் ஓரத்துல வாளி. மழ பெய்ஞ்சா நம்ம பாக்கியம், பெய்யலன்னா பெட்ரோல் ஸ்டேஷன்லருந்து தூக்கிட்டு வருவேன். அடுப்பு கெடையாது, பொக மேல வந்தா உங்கள மாதிரி யாராச்சும் வந்துருவீங்க. பிஸ்கட், ரொட்டி. அதையும் கொரங்கு பாதி தின்னுரும்.

நல்லாச் சொன்னீங்க. ஜோகூர் பக்கம் இந்த மாதிரி மரத்து மேல கட்டி வாடகைக்கு விடுறாங்கன்னு எங்க டிப்போவுலயும் ஒரு பையன் போன்ல காட்டுனான். கரண்ட் இல்லாம இருக்கறதுக்குக் காசு குடுக்குறாங்களாம். அதுல கட்டிலு, கொசுவலையெல்லாம் இருந்துச்சு. நம்மளது அந்தளவுக்கு இல்ல லா. இது பரண்.

நான் கட்டல. எனக்கு ஆணி அடிச்சா வெரல்லதான் விழும். இது சின்னவன் கட்டுனது. என் கூடப் பொறந்தவன், அருண்ராஜ். பார்சல் டெலிவரி பண்ணிட்டிருந்தான் அப்போ. உங்க வயசுதான் இருக்கும். முன்னாடி இங்க கம்பம், பழைய கிராமம் இருந்துச்சில்ல, அந்த ஆளுங்க வச்ச மரந்தான் இதெல்லாம், மாமரம், டுரியான், பலா. டுரியான் சீசன்ல இங்க ஒரு கூட்டமே அலையும், டார்ச்ச எடுத்துக்கிட்டு. விழுற பழத்த யாரு மொதல்ல எடுக்குறாங்கன்னு போட்டி. இவன் புத்திசாலி. மேலயே உக்காந்துட்டா எந்தப் பக்கம் விழுதுன்னு காதாலயே தெரிஞ்சிக்கலாம்னான். டுரியான் மரத்துலயே கட்டுனா முள்ளுப் பழம் விழுந்து மண்ட போயிரும், அதனால பக்கத்துல இந்த மாமரத்துல கட்டுனான். படியெல்லாம் அவன் அடிச்சதுதான். அந்த உளுத்த படியும் அவன் அடிச்சது. அதான் மாத்தாம வச்சிருக்கேன்.

அங்க டுரியான் மரத்துல பாருங்க. இல்ல, இன்னும் மேல, அந்தப் பிரிஞ்ச கெளைக்கு இடப்பக்கம். தெரியுதா? இந்த வருசம் அந்த மரத்துக்கு அவ்ளோதான் காய். மூணு வருசமா ஒண்ணும் புடிக்கல. பூத்துச்சு, மழயில எல்லாம் கொட்டிப்போச்சு. இந்த வருசந்தான்.

அவன் இங்க வர முடியாது. கெழக்கால இருக்கான், தெம்பனிஸையும் தாண்டிப் போகணும். வாரத்துக்கு ஒரு தடவ போய்ப் பாப்பேன். என்ன பேசறது? கேஸப் பத்தி, வீட்டப் பத்தி பேச ஆரம்பிச்சா ரெண்டு பேரும் கடியாரத்தப் பாக்க ஆரம்பிச்சிருவோம். ஒரு நாளு அவனே கேட்டான், அண்ணே, என் பரண் இருக்கா? எனக்குத் தெரியல. மறுநா தேடிக்கிட்டு வந்து பாத்தேன். பலகையெல்லாம் போயி, எலும்புக்கூடு மாதிரி நின்னுச்சு. இருக்குடான்னு போய்ச் சொன்னேன். அவன் மொகம் போன போக்கப் பாத்துட்டுத்தான் இதச் சரி பண்ணுனேன்.

அப்புறம் எங்க பேச்செல்லாம் இந்த மரந்தான். என்ன பறவ வந்துச்சும்பான். கறுப்பும் வெள்ளையுமா ஏதோ பெருசான்னு சொன்னேன், என்னண்ணே இப்படிச் சொன்னா நான் என்னத்த மனசுல பாக்கறதுன்னு கோவிச்சுக்கிட்டான். லைப்ரரியில போய் புக் எடுத்துப் படிச்சேன். இருவாச்சி அது. அலகு மேல இன்னொரு அலகு மாதிரி இருக்கும். பொட்ட மரப்பொந்துக்குள்ள உக்காந்துக்கிட்டு ஒரு சின்ன ஓட்டைய மட்டும் விட்டு அடைச்சிரும், ஆம்பள வெளிய நின்னு அந்த ஓட்ட வழியா ஊட்டிக்கிட்டே இருக்கும். அதச் சொன்னப்ப, எங்க நடுவுல இருக்கற கண்ணாடிய வெரலால தட்டிக் காட்டுனான். அப்புறம் சிரிச்சான், நம்மள மாதிரின்னு.

ஐசியூவா? இல்லல்ல. கண்ணாடின்னு சொன்னதும் அப்படி நெனச்சிட்டீங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஒரு வியாதி கெடையாது. பல்லு வலிச்சாக்கூட டாக்டர் வந்து பாக்குறாரு. அவ்ளோ பத்திரமாப் பாத்துக்கறாங்க.

விசயத்துக்கு வர்றேன். இந்த சீசன்ல காய் புடிச்சிருக்குன்னு சொன்னதும் அவனுக்கு வேற நெனப்பே இல்ல. மொதக் காய் விழுந்ததும் சொல்லுண்ணே, பொளந்து பாத்துட்டு, உள்ள மஞ்சளா வெளுப்பா, கசப்பு இருக்கா, எல்லாம் சொல்லணும்னான். இந்த வாரம் தெனமும் வந்து பாக்கலாம்னு விட்டுருக்காங்க. தெனமும் போறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்ததும், வணக்கம் வீட்டுல எப்படி ஒண்ணும் கெடையாது, புருவத்தத் தூக்குறான். நான் இன்னும் இல்லடான்னு தலையாட்டுறேன்.

உங்க ஆளு ஏறி அறுத்துத் தர்றேங்கறாரா? அவரு நல்லவரு, சிரிச்ச மொகம். வேணாம்னு சொல்லுங்க. டுரியானப் பறிக்கப் படாது தம்பி, உங்களுக்குத் தெரியாததா. பழுத்துத் தானா விழணும். அறுத்துப் போட்டா உள்ள வெறும் கட்டைதான். கடையிலயும் வாங்கலாம், கேலாங்ல குவிச்சு வச்சிருக்கான், இங்க விழுந்ததுன்னு சொல்லிடலாம். நானும் யோசிக்காம இல்ல. அவன் எத்தன சீசன் இங்க உக்காந்தவன். என் வாயப் பாத்தே கண்டுபுடிச்சிருவான். இத்தன வருசமா நான் சொன்ன கொரங்கு, பன்னி, இருவாச்சி எல்லாத்தையும் அப்புறம் நம்ப மாட்டான்ல.

காம்பு வெளுத்துருச்சு. இன்னிக்கோ நாளைக்கோ விழும். நீங்க நாளைக்கு மெஷின விட்டீங்கன்னா மரமே விழுந்துரும். அத எப்படி அவன்ட்டப் போய்ச் சொல்றது?

அந்தச் சட்டையா? அதுவும் அவனுக்குத்தான். எறும்பு ஏறிருமேன்னு பிளாஸ்டிக்க மாட்டித் தொங்க விட்டிருக்கேன். இன்னிக்குப் போறப்ப கொண்டுபோய்க் குடுக்கணும். அங்க அவன ஃபோட்டோ எடுத்து எங்களுக்குக் குடுப்பாங்க. நல்ல துணிமணி வீட்டுலருந்து குடுக்கலாம்னாங்க. தேக்காவுல ஜமால் முகம்மது பாய் கடையில எடுத்தேன். டேப்ப எடுத்துக்கிட்டு என் தோள அளக்க வந்தாரு. எனக்கில்ல பாய், சின்னவனுக்குன்னேன். ஆளக் கூட்டிட்டு வாங்களேன்னாரு. முந்தின நாளு அவனத் திரும்பி நிக்கச் சொல்லி, கண்ணாடியில அவன் முதுகு ஒட்டி நிக்க, இந்தப் பக்கம் நான் சாண் வச்சு அளந்திருந்தேன். அத அப்படியே பாய் முன்னாடி கைய விரிச்சுக் காட்டுனேன். முன்னாடியெல்லாம் என்னைய விட அகலமான தோளு தம்பி அவனுக்கு. இப்ப நான் கையக் காட்டுனதுக்கு அவரு ஸ்மால் சைஸ் எடுத்துப் போடுறாரு. என்ன விசேஷம், கல்யாணமான்னாரு. ஃபோட்டோவுக்குன்னேன். பாஸ்போர்ட்டுக்கான்னாரு. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

வைதேகிதான் அயர்ன் பண்ணிக் குடுத்தா. இத்தன வருசம் அவன் பேர எடுத்தாலே எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிருவா. அவள நான் குத்தம் சொல்ல மாட்டேன், லிஃப்ட்டுல தெனமும் போறவ அவதான. நேத்து சட்டைய நீட்டுனேன். வாங்கி, காலர மட்டும் திரும்பத் திரும்பத் தேச்சுக்கிட்டே நின்னா. பொண்ணு வர்ற நேரமாச்சு, எடுத்துக்கிட்டுப் போங்கன்னு மடிக்காமக் கையில குடுத்தா.

தப்பு பண்ணலன்னு நான் சொல்லல. ஒரு பையக் கொண்டுபோய் ஒருத்தன்ட்டக் குடுத்துட்டு வான்னாங்க, போனான். பார்சல் குடுக்கறதுதான அவன் வேல. உள்ள போதைப்பொருள் இருந்தது தெரியாதுன்னான். தெரிஞ்சிருக்கணும்னாங்க. அதெல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி மனு குடுக்க எடமில்ல.

மொகம் ஏன் இப்படி ஆயிருச்சு உங்களுக்கு. தண்ணி குடிக்கிறீங்களா? மழத் தண்ணிதான், வடிகட்டிருக்கேன்.

ஆமா. வெள்ளிக்கிழமை விடியக்காலையில அவனுக்குத் தூக்கு. மத்தியானத்துக்குள்ள எங்கிட்டக் குடுத்துருவாங்க. அதுக்கப்புறம் காய் விழுந்துச்சான்னு என்னைய யாரும் கேக்கப் போறதில்ல, நீங்க தாராளமா வெட்டிக்கலாம்.

சரி, உங்க மேலாளுகிட்டப் பேசிப் பாருங்க. நான் இங்கயேதான் இருப்பேன். எறங்கறப்ப அந்தப் படியப் பாத்து எறங்குங்க.