தம்பியின் குடலும் என் கைக்கடிகாரமும்

எனக்குத் தாமதம் பிடிக்காது. பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? வண்டி கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம், இரண்டையும் நோட்டில் எழுதுவதுதான் என் வேலை. நான் வண்டி ஓட்டியதில்லை, டிக்கெட் கிழித்ததுகூட இல்லை. ஊரே போய் வந்துகொண்டிருக்க, ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அதை எழுதி வைத்தேன். ஆனாலும் நான் பேனாவைத் திறக்காவிட்டால் ஒரு வண்டியும் நகராது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. சொன்னால் சிரிப்பீர்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சிஸ்டர், நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். அன்றைக்குத் தம்பிக்குத் தலைவலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ஆம்புலன்ஸுக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தேன். நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும், மற்ற குடும்பங்களுக்குப் பாடமாக இருக்கும் என்றீர்கள். ஒரு வரியில் முடிகிற விஷயம். எனக்கு ஒரு வரியில் முடிக்க வராது என்பது உங்கள் மறுவாழ்வு மையத்தில் துடைப்பம் பிடிக்கிற அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

நான்கு வருடத்துக்கு முன் தம்பி கம்பத்தின் மேலிருந்து விழுந்தான். எலக்ட்ரீஷியன். என்னைவிடப் பதினேழு வயது இளையவன்; அம்மா போன பிறகு நான் வளர்த்தவன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் நேரம் பார்த்துக்கொண்டே இருந்து வண்டியைத் தவறவிட்டவன் நான். விழுந்ததில் அவனுக்கு நெஞ்சுக்கு நேர் பின்னால் முதுகுத்தண்டு நசுங்கியது. கைகள் தப்பித்தன. நெஞ்சுக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் கால்களைப் பற்றித்தான் துக்கம் விசாரித்தார்கள். நீங்கள் ஒருவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டு வயிற்றைப் பற்றிப் பேசினீர்கள்.

"குடலுக்குள்ளேயே ஒரு நரம்புக் கூட்டம் இருக்குங்க. மூளையைக் கேக்காமலே பாதி வேலையை அதுவே பாத்துக்கும். முதுகுல அடிபட்டதும் மேலேருந்து வர்ற உத்தரவு நின்னுபோச்சு. அதுக்காக அது வேலையை விடல. மெதுவா பண்ணுது, எப்போ பண்றதுன்னு தெரியாம பண்ணுது. நாமதான் அதுக்கு நேரம் பழக்கணும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. தலைமை அலுவலகத்தின் தொலைபேசி செத்துப்போன நாட்களில் எங்கள் பணிமனை அப்படித்தான் ஓடும். உத்தரவு வராது, டிரைவர்கள் தேநீர் குடித்துவிட்டு அவரவர் இஷ்டத்துக்குக் கிளம்புவார்கள், நான் ஜன்னலிலிருந்து கத்தி ஒழுங்குக்குக் கொண்டுவருவேன். அப்போது எனக்கு ஓய்வு கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் என்னிடம் ஒருவரும் மணி கேட்கவில்லை. தம்பியின் வயிற்றுக்குள் ஒரு பணிமனை ஆளில்லாமல் கிடக்கிறது என்று நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தத்தைவிட வேறு ஏதோதான் அதிகமாக வந்தது. சந்தோஷம் என்று சொன்னால் அசிங்கமாக இருக்கும். சந்தோஷம்தான்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆறரைக்கு வெந்நீர், ஏழு மணிக்குள் சாப்பாடு. சாப்பிட்ட அரை மணியில் குடல் தானாகவே ஒரு தடவை அசையும், அதை விட்டுவிடக் கூடாது என்றீர்கள். ஓட்டை போட்ட நாற்காலியில் அவனை உட்காரவைத்து, பின்வழியாக மருந்துக் குளிகை வைத்து, கையுறை மாட்டி, விரலில் ஜெல் தடவி மெல்ல வட்டமாகச் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கிற தசை அதற்குப் பதில் சொல்லும். எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்து, நேரம், அளவு, பதம் மூன்றையும் நோட்டில் எழுதிவிடுவேன். ஆறு மாதத்தில் தம்பியின் குடல் எங்கள் எந்த வண்டியையும்விட நேரம் தவறாமல் ஓடியது.

நீங்கள் அந்த நோட்டை மற்றவர்களுக்குக் காட்டினீர்கள். மாதம் ஒரு முறை என்னை அழைத்துப் பேசச் சொன்னீர்கள். அடுத்தவன் மலத்தைப் பற்றி மைக் பிடித்து முக்கால் மணி நேரம் பேசி, கைதட்டலும் வாங்கிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லோரும் 'டைம்கீப்பர் அண்ணன்' என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் மாதமே நீங்கள் கேட்டீர்கள்: "கை நல்லாத்தானே இருக்கு, அவரே கத்துக்கலாமே?" நான் சொன்னேன், "அவனுக்கு அருவருப்பா இருக்காம் சிஸ்டர், வற்புறுத்தாதீங்க." வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன், "உன்னால ஆகாதுன்னு சொல்லிட்டாங்கடா." இரண்டு பேரும் நம்பினீர்கள். பொய் என்று நான் நினைக்கவில்லை. சிரமம் குறைத்தேன் என்று நினைத்தேன்.

மூன்று வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு சக்கர நாற்காலி ஓட்டக் கற்றுக்கொடுக்க உங்கள் மையத்துக்கு ஒருவர் வந்தார், எல்லோரும் சக்கர வாத்தியார் என்பார்களே, அவர். அவருக்கும் தம்பியைப் போலவே முதுகில் அடி. தனியாக இருக்கிறார், தானே எல்லாம் செய்துகொள்கிறார், வேறொரு ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நாள் தம்பியின் கைகளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய வெச்சுக்கிட்டு வீட்ல என்னப்பா பண்றே?" என்று கேட்டார்.

அன்று மாலை தம்பி என்னிடம் சொன்னான். "அண்ணே, நான் அவர் பட்டறைக்குப் போறேன். மூணு மாசம் கழிச்சு ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்கார். கீழ்த்தளத்துல ரூம் இருக்கு. சிஸ்டர்கிட்ட கேட்டேன், நானே செஞ்சுக்கலாமாம். ஆகாதுன்னு அவங்க சொல்லவே இல்லையாம்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவன் சிரித்துக்கொண்டு, "நீயும் எத்தனை நாளைக்குண்ணே என் பின்னாடியே நிப்பே, ரெஸ்ட் எடு" என்றான். எனக்கு இரண்டாவது தடவையாக ஓய்வு கொடுத்தார்கள். முதல் தடவை ஒரு மாலையாவது போட்டார்கள்.

நீங்கள் அவனுக்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தீர்கள். என் நாற்காலியில் அவன் தனியாக உட்கார்ந்தான், என் கதவை உள்ளே சாத்திக்கொண்டான். 'என்' என்று எழுதியதை அடிக்காமல் விடுகிறேன், அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரையை எந்த மருந்துக் கடையிலும் கொடுப்பார்கள். சின்ன மாத்திரை. பொடித்துக் காபியில் கலந்தால் காபியின் கசப்பில் கரைந்துவிடும். அவன் தானே முயலப் போகிற நாளுக்கு முந்தைய நாள் கொடுப்பேன். ஏற்கெனவே மெதுவாக ஓடுகிற குடல், ஒரேயடியாக நின்றுவிடும். அவன் ஒரு மணி நேரம் உள்ளே மல்லுக்கட்டிவிட்டு வியர்த்து விறுவிறுத்து வருவான். நான் துண்டை நீட்டுவேன். அடுத்த நாள் இளக்குகிற மருந்தைக் கொடுத்து நானே கையுறை மாட்டுவேன். இருபது நிமிடம்.

"உன் கைராசிண்ணே" என்றான் ஒரு தடவை. அந்த ஒரு வார்த்தையில் நான் ஒரு வாரம் உயிர் வாழ்ந்தேன்.

ஆனால் அவன் விடவில்லை. பட்டறையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அன்று இளக்குகிற மருந்தை மூன்று மடங்கு கொடுத்திருந்தேன். பட்டறையின் நடுவில், நான்கு வேலையாட்கள் பார்க்க, சக்கர வாத்தியார் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது. அவனுக்கு உணர்ச்சி இல்லையே. வாடை வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. நான் பையிலிருந்து மாற்றுத் துணி, துண்டு, கையுறை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்தேன். "இப்படி ஒரு அண்ணன் கெடைக்கணுமே" என்றார் சக்கர வாத்தியார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாராட்டினால் எனக்கு எப்போதும் கண் கலங்கும்.

அவர் தம்பியின் தோளைத் தட்டி, "எனக்கு மாசத்துல ரெண்டு தடவை ஆகும். பின்னாடி பைப் இருக்கு, கழுவிட்டு வா, மோட்டாரைப் பாப்போம்" என்றார். அவன் கழுவிக்கொண்டு வந்து மோட்டாரைப் பார்த்தான். என் திட்டம் எல்லாம் ஒரு பைப் தண்ணீரில் போயிற்று. ஒண்ணாந்தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளில் ஐந்து நாள் தொடர்ந்து நிறுத்துகிற மாத்திரையைக் கொடுத்தேன், இரட்டிப்பாக. அவன் பயந்துபோய், தனியாக இருக்க முடியாது என்று தானாகவே சொல்லிவிடுவான் என்பது கணக்கு. அவனைக் கெடுக்க வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைத்ததில்லை. இதைத் தடிமனாக எழுத முடிந்தால் எழுதியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் நாற்காலியில் இருந்தான். அன்று கதவைச் சாத்தவில்லை. ஏழு பன்னிரண்டுக்கு, "தலை வெடிக்குதுண்ணே" என்றான்.

எட்டிப் பார்த்தேன். முகம் சிவந்து, நெற்றி முழுக்க வியர்வை. நெஞ்சுக்குக் கீழே தோல் வெளுத்து மயிர்க்கூச்செறிந்திருந்தது. இது என்ன என்று எனக்குத் தெரியும் சிஸ்டர். உங்கள் மையத்தில் எல்லாக் குடும்பமும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிற அட்டை என் கையெழுத்தில் இருக்கிறது. நிரம்பிப்போன குடல் கீழேயிருந்து கத்தும்; அந்தச் சத்தம் மூளைக்குப் போக வழியில்லை; உடம்பு தானாகவே ரத்தக் குழாய்களை இறுக்கும்; அழுத்தம் கண்டபடி ஏறும். நிமிர்ந்து உட்காரவை, இறுக்கமான துணியைத் தளர்த்து, சிறுநீர்க் குழாயைப் பார், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார், இறங்காவிட்டால் தாமதிக்காதே. 'தாமதிக்காதே' என்பதைச் சிவப்பு மையில் எழுதியவன் நான்.

நான் துணியைத் தளர்த்தினேன். குழாயைப் பார்த்தேன், அடைப்பு இல்லை. அழுத்தம் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூறு.

"ஆம்புலன்ஸக் கூப்புடு" என்றான்.

"எதுக்குடா, நானே பாத்துர்றேன். 'நீயே பண்ணுண்ணே'ன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"போனைக் குடு."

போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது. அங்கே போட்டது நான்தான். நான் கதவருகே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்த்தேன், அட்டையில் சொன்ன மாதிரி. இருநூற்றுப் பத்து. இருநூற்று இருபத்தைந்து. கையுறை மாட்டியிருந்தேன், ஜெல்லையும் திறந்து வைத்திருந்தேன். எல்லாம் தயார். அவன் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. பிடிவாதம் பிடித்தவன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒரு கட்டத்தில் அவன் என் கையுறையைப் பார்த்தான், ஜெல்லைப் பார்த்தான், பிறகு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"காபில என்ன குடுத்தே?" என்று கேட்டான்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியபோது மணி ஏழு ஐம்பது. ஏழு ஐம்பத்து மூன்றுக்கு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அவர்கள் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள், பாராட்ட வேண்டும்.

நோட்டில் 'தலைவலி ஆரம்பம் 7.50' என்று இருக்கும். அது பொய். 7.12 என்று திருத்திக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருடப் பணியிலும் நான்கு வருட நோட்டிலும் நான் போட்ட ஒரே பொய் நேரம் அது. இரண்டு மாதமாக அந்த ஒரு இலக்கம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. தம்பிக்கு ரத்தம் மூளையில் கசிந்ததற்கு நான்தான் காரணம், நாற்பத்தொரு நிமிடமும் நான்தான். இந்தக் காகிதத்தை நீங்கள் எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. போவதற்கு முன் மாற்று ஆளுக்கு நான் ஒரு வாரம் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

அவனுக்கு இப்போது பேச்சு இல்லை, வலது கையும் இல்லை. சக்கர வாத்தியார் ஒரு தடவை வந்து இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனார். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏழரைக்கு ஆரம்பித்தால் எட்டுக்குள் முடிந்துவிடுகிறது, நானே செய்கிறேன். நான் அறைக்குள் நுழையும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது போலிருக்கிறது. கனமான துணியில் திரை தைத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் அவனுக்குப் பழகவில்லை.