சாய்தளத்தில் ஒரு பெட்டி

காலை ஏழரைக்கெல்லாம் அலுவலகம் வந்துவிடுவது என் பதினான்கு வருடப் பழக்கம். மற்றவர்கள் ஒன்பதுக்கு மேல்தான் ஒவ்வொருவராக வருவார்கள். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்து, தேநீர் போட்டுக்கொண்டு, யார் தொந்தரவும் இல்லாமல் வேலை பார்க்கலாம். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் காரியமும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் நடந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் குழுவில் பதினோரு பேர். கணினி விளையாட்டுகள் செய்கிறோம். நாற்பத்துநான்கு வயதில் நான்தான் மூத்தவன் என்பதால் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவார்கள். கேலிதான். ஆனாலும் அதில் ஒரு மரியாதை இருந்தது. பழைய எஞ்சினில் எனக்குத் தெரியாத மூலை முடுக்கு கிடையாது. எஞ்சின் என்றால், விளையாட்டுக்குள்ளே ஒரு பொருள் விழுவது, உருள்வது, மோதுவது எல்லாவற்றையும் அடியில் இருந்து கவனித்துக்கொள்ளும் மென்பொருள். ஏதாவது சிக்கிக்கொண்டால் நாற்காலியை உருட்டிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். "தாத்தா, ஒரு நிமிஷம்" என்பதை ஒரு நாளைக்கு இருபது முறையாவது கேட்பேன். சிடுசிடுப்பேன். அது நின்றுபோன பிறகுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போன வருடம் மேலாளர் எஞ்சினை மாற்றினார். புதியது, வேகமானது, எங்கோ இரண்டே பேர் உட்கார்ந்து எழுதியது. அதற்குக் கையேடு என்று ஒன்பது பக்கம் கொடுத்திருந்தார்கள். அதிலும் நான்கு பக்கங்களில் 'பிறகு எழுதப்படும்' என்று மட்டும் போட்டிருந்தது. அவர்களுக்கு மூன்று முறை எழுதினோம். பதிலே இல்லை. இணையத்தில் தேடினால், எங்களைப் போலவே விழி பிதுங்கி நின்றவர்கள் கேட்ட கேள்விகள் கிடைத்தன, பதில்கள் கிடைக்கவில்லை. பதினோரு பேரும் ஒரே நாளில் கற்றுக்குட்டிகள் ஆனோம். நானும்தான்.

எங்களில் ஒருவரை டீச்சர் என்போம். முப்பத்தைந்து வயது. ஆறு வயதில் ஒரு மகள், கணவருக்கு வெளிநாட்டில் வேலை. எதையும் எழுதி வைக்கிறவர் என்பதால் அந்தப் பெயர். கையேடு இல்லையென்றால் நாமே எழுதிக்கொள்வோம் என்று அவர்தான் ஆரம்பித்தார். திரையில் ஒரு சாய்தளம் வரைந்து, அதன் மேல் ஒரு பெட்டியை வைப்பார். எஞ்சினில் ஏதாவது ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு, பெட்டி நிற்கிறதா, வழுக்குகிறதா, பறந்து போகிறதா என்று பார்ப்பார். பார்த்ததைக் குறிப்பார். 'உராய்வு 0.4, பெட்டி நிற்கிறது. 0.3, மெல்ல வழுக்குகிறது.' இப்படி இரண்டு மாதத்தில் அறுபது பக்கம். எல்லோரும் படிக்கும்படி அதை அலுவலகத்தின் பொதுக் கணினியான சர்வரில் போட்டு வைத்தார். நல்ல வேலை. அவரிடமே அதைச் சொன்னேன்.

ஒருநாள் எங்கள் ஓவியர், பின்னணிப் படங்கள் வரைகிறவர், ஏதோ கேட்க என் பக்கம் நாற்காலியை உருட்டினார். மேலாளர் தன் இடத்திலிருந்தே சொன்னார்: "தாத்தாவை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க? எல்லாம் டீச்சர் நோட்ஸ்லயே இருக்கே." அக்கறையாகத்தான் சொன்னார். ஓவியரும் பாதி வழியில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இதை ஒளிப்பதில் பிரயோஜனம் இல்லை.

முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. சர்வர் என் பொறுப்பு. ஒரு காலையில் எஞ்சினின் புதிய பதிப்பை ஏற்றினேன், அறிவிக்க மறந்துவிட்டேன். உராய்வைக் கணக்கிடும் விதத்தை அந்தப் பதிப்பில் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்கள். பத்து மணி வாக்கில் டீச்சர் என்னிடம் வந்தார்.

"நேத்து 0.4-ல நின்னுச்சு தாத்தா. இன்னைக்கு வழுக்குது. நான்தான் தப்பா எழுதிட்டேன் போல."

காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு ஐம்பது தாண்டியதுமே மறதி நோய். முதலில் எண்கள்தான் மறந்தனவாம். தொலைபேசி எண், வீட்டு எண். பிறகு வீட்டுக்கு வரும் வழி. கடைசியில், சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்த மகளையே பார்த்து, நீ யார் வீட்டுப் பெண் என்று கேட்டாராம். "எனக்கும் அப்படித்தான் ஆரம்பிக்குமோன்னு பயமா இருக்கு" என்றார். தண்ணீர் கொடுத்தேன். பேச்சு நீண்டுவிட்டது. அவர் எழுந்து போன பிறகுதான் காரணத்தைச் சொல்லவில்லை என்று நினைவு வந்தது. பின்னாலேயே போய்ச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது.

அன்று அவர் இன்னும் நான்கு முறை என்னிடம் வந்தார்.

0.4 என்பதை அடித்துவிட்டு 0.5 என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து நான் பழைய பதிப்பையே திரும்ப ஏற்றினேன். பெட்டி மறுபடி 0.4-இல் நின்றது. அவர் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பதிப்பை மாற்றுவது எல்லோரையும் பாதிக்கும் காரியம். அது முறையில்லை என்று பட்டது. அவருடைய குறிப்பில் ஒரு எண்ணை மாற்றினால் அவரோடு போய்விடும். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியையும் பழையபடி வைத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை, தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கண்மூடித்தனமாக நான் எதையும் செய்யவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு எண். விளையாட்டில் ஏற்கெனவே பயன்படும் எண்ணைத் தொடமாட்டேன், குழுவின் வேலை கெடக்கூடாது. அவர் மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் எதையுமே மாற்றவில்லை. அந்த வாரம் அவருக்கு வேறு கவலைகள் இருந்தன.

இரண்டு மாதத்தில், எதை எழுதினாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் வைப்பார் என்று ஆனது. மற்றவர்களும் குறிப்பை நம்புவதை விட்டுவிட்டார்கள். நாற்காலிகள் மறுபடி என் பக்கம் உருண்டு வந்தன. அவரைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. மேலாளர் சலித்துக்கொண்டபோதுகூட, வேலைப் பளு, கொஞ்சம் பொறுங்கள் என்று பரிந்து பேசினேன். வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுச் சாவியை அவர் இரண்டு முறை தொலைத்ததும், அடுப்பை அணைக்காமல் கிளம்பி வந்ததும் என் வேலை இல்லை. அதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு, மகளை ஏற்கெனவே வீட்டில் விட்டுவிட்டோமா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே குழந்தை காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றோடு வண்டி ஓட்டுவதை நிறுத்தினார். மகளைக் கூட்டி வர அவருடைய சித்தி வர ஆரம்பித்தார். இதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பயம் ஒரு ஆளை அப்படிச் செய்யும்.

பிறகு பரிசோதனைக்குப் போனார். மூன்று நாள் ஏதேதோ கேட்டு, தலையைப் படமெடுத்து, பத்து நாளில் அறிக்கை தருவதாகச் சொன்னார்களாம். அதை வாங்கப் போகும் தைரியம் அவருக்கு இல்லை. கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தை என்னிடம் கொடுத்தார். "நீங்க வாங்கிப் படிச்சுட்டுச் சொல்லுங்க தாத்தா. உங்க வாயால கேட்டா தாங்கிப்பேன்" என்றார். சித்தியிடம்கூடச் சொல்லவில்லையாம். அவ்வளவு நம்பிக்கை வைத்தவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

மருத்துவமனைப் படியில் நின்று படித்தேன். இரண்டு பக்கம். நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை, அவர் வயதில் எதிர்பார்ப்பதைவிட நினைவாற்றல் நன்றாகவே இருக்கிறது, மன அழுத்தம் மட்டும் உண்டு, ஓய்வு தேவை என்று இருந்தது. எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அறுபது பக்கமும் அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த உறையை அவர் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன போட்டிருக்கு தாத்தா?"

"இப்போதைக்கு எதையும் யோசிக்காதீங்க" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. மருத்துவரும் ஓய்வுதான் எடுக்கச் சொல்லியிருந்தார். டீச்சர் தலையை ஆட்டினார். அழவில்லை. "பாப்பா சின்னவ. நான் பாத்ததை அவ பாக்க வேண்டாம்" என்றார். அடுத்த மாதம் மகளை அவள் அப்பாவிடம் அனுப்பிவிட்டார். விமான நிலையத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். உள்ளே போகும் வரை குழந்தை கையை ஆட்டிக்கொண்டே போனது. இவர் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். வேலையையும் விட்டுவிட்டார். கடைசி நாளில் என் மேசைக்கு வந்து, நோட்ஸ் இனிமேல் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். சுவரெல்லாம் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார். அடுப்பு, குழாய், கதவு. மகளின் பெயரைக்கூடப் படுக்கைக்கு எதிரே எழுதி வைத்திருக்கிறார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்பார். பார்த்துச் சொல்வேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். எஞ்சின் செய்தவர்கள் ஒருவழியாக முழுக் கையேட்டை வெளியிட்டார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். டீச்சரின் குறிப்பில் முதல் பன்னிரண்டு பக்கங்களை ஓவியர் ஆரம்பத்திலேயே அச்செடுத்துத் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருந்தார். அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் தேநீருக்குப் போவேன். ஒருமுறையும் எனக்கு உறைக்கவில்லை. தாளில் இருந்த எண்கள் கையேட்டோடு அப்படியே ஒத்துப்போயின, சர்வரில் இருந்தவை ஒத்துப்போகவில்லை. ஓவியர் மேலாளரிடம் இரண்டையும் கொண்டுபோய் வைத்தார். அன்றிலிருந்து என்னை யாரும் தாத்தா என்று கூப்பிடுவதில்லை.

எண்களை மாற்றியது நான்தான். மொத்தம் நாற்பத்தொன்று. பட்டியல் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன், எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் எண்களைத்தான் தொட்டேன், அவருடைய புத்தியில் நான் கை வைக்கவில்லை. அந்த அறிக்கையே அதற்குச் சாட்சி. என் மேசையில் இரண்டாவது இழுப்பறையில் உறையோடு பத்திரமாக இருக்கிறது, எட்டு மாதமாக. கேட்டிருந்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருப்பேன். அவர்தான் கேட்க மறந்துவிட்டார்.