முதல் ஓலையும் கழலாத பெடலும்

"ஹலோ... ஹலோ, டெல்வினா? ஏலே, எந்திரி. உனக்க சவத்துப் பெடலு என்னைக் கொன்னு போட்டு... ஆமா, ஜெஃப்ரின்தான். குருசடி முன்னால கெடக்கேன்... நிக்கல்லலே, கெடக்கேன்."

ஜெஃப்ரின் கிடந்தது, நேற்று மீன்வண்டி ஒழுக்கிவிட்டுப் போன தண்ணீரில். சாளை மீன் நாற்றம் சட்டையெல்லாம் ஏறியிருந்தது. அவன்மேல் அவனுடைய ரோடு சைக்கிள் கிடந்தது.

"ஆமா, ஆமா... நீ துபாய்லருந்து குடுத்துவிட்ட கிளிப்லெஸ் பெடலுதான். நல்லாத்தான் போச்சு. குருசடி வந்ததும் நின்னேன்... எதுக்கா? சிலுவை போடாண்டாமா? கையை நெத்தியில வச்சிட்டு காலை ஊணப் போனா, காலு வரல்ல... சிரிக்காதே கேட்டியா. பத்திக்கிட்டு வருது."

சைக்கிள் ஓட்டப் பழகிய நாள் முதல் தெருவோரத்து அந்தச் சிலுவை மேடை முன்னால் ஒரு காலை ஊன்றிச் சிலுவை போட்டவன். கூட்டாளி கொடுத்துவிட்ட புதுப் பெடல் ஷூவைக் கவ்வியிருப்பது அந்த நொடியில் மறந்துபோயிற்று. விழுந்த வேகத்தில் இடதுகால் கழன்றது. வலதுகால் சைக்கிளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

இன்று ஞாயிறு. பங்குக் கோயிலில் ஜின்சிக்கும் அவனுக்கும் முதல் ஓலை, மூன்று ஞாயிறு வரும் கல்யாண அறிவிப்பில் முதலாவதை வாசிக்கும் பூசை. பெண் பார்க்கும் நாளன்றே இரண்டு மணி நேரம் பிந்தி, வேர்வை சொட்டச் சொட்டச் சைக்கிளில் வந்து இறங்கியவன் அவன். சைக்கிளை விற்றால்தான் பெண் என்று ஜின்சியின் அப்பா ராஜமணி சொல்லிவிட்டார். விற்றுவிட்டேன் என்று சாமியார் முன்னாலேயே கூசாமல் சொன்னான். இன்றும் பூசைக்கு முன்னால் ஒரே ஒரு சுற்று என்றுதான் கிளம்பியது. இப்போது ஊரே பூசையில், தூக்கிவிட ஆளில்லை.

"குதியை வெளியே திருப்பவா? திருப்புனேன். தரை தடுக்குல்லா... ஷூவுக்க பக்கிளா? அதும் அடியிலதான் கெடக்கு... ஸ்பிரிங்கா? நல்லா முறுக்கித்தான் வச்சேன்... என்னது? மொதல்ல லூசா வைக்கணுமா? அதை இப்பதான் சொல்லுதியா? தூ..."

கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் சாமியாரின் குரல் கேட்டது.

"மிண்டாதே, கேக்கட்டு. ஓலை வாசிக்காவ."

சிலுவைதாசன் மகன் ஜெஃப்ரின், ராஜமணி மகள் ஜின்சி என்று ஊருக்கே கேட்க வாசித்தார் சாமியார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார்.

"கேட்டியா? அங்க எனக்க பேரை வாசிக்காவ. நான் இங்க நாறிக்கிட்டுக் கெடக்கேன்... இல்ல மக்கா, மீன்தண்ணி போவட்டு. குளிச்சா போவும். பொய் சொன்னேம்லா, எனக்கே என்னைக் கண்டா சீன்னு இருக்கு... ஆமா... ஆமா. பூசை முடிஞ்சு. ஆளு வருது. வெள்ளை வேட்டி... டெல்வினே, வச்சிராதே. வச்சிராதே..."

ராஜமணி வந்து நின்றார். சிலுவை போட்டார். பிறகுதான் குனிந்து பார்த்தார். ஒரு கையால் சைக்கிளைத் தூக்கினார். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுகிறவர்போல் ஷூவின் குதியைப் பிடித்து வெளியே திருப்பினார். டக்கென்று கழன்றது.

"மாமா... நான் வந்து..."

"காலு கழந்தாச்சு. இனி உனக்கு எங்க வேணும்னாலும் போவலாம்" என்றார் ராஜமணி. "ரெண்டாம் ஓலை வாசிக்காண்டாம்னு சாமியார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

அவன் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் கிடந்து இரைந்த போனை எடுத்தார். வேட்டியில் துடைத்து, அணைத்து, அவன் கையில் கொடுத்தார்.