தட்டினால் விடு

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவி இவெச்சி அம்மையார் அவர்களே, காலையில் ஆசானின் ஏழாம் நாள் நினைவுப் பூசையை நிறைவேற்றித் தந்த பாதிரியார் ஒலாவு அவர்களே, முன்வரிசையில் கறுப்புச் சட்டையில் அமர்ந்திருக்கும் ஆசானின் துணைவியார் மார்லூசியா அவர்களே, ஆசான் ஜுராந்திரிடம் ஜியு-ஜித்சு மல்லுக்கலை கற்ற ஆண்களே, பெண்களே, இன்று ஒருநாள் முரசுகளை மூலையில் ஒதுக்கிவைத்து இந்தச் சம்பா நடன அரங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்த தோழர்களே, மெரிச்சி நகரத்து மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் அனேசியு. ரொட்டிக்கடை மாடியில் தற்காப்பு வகுப்பு நடத்துகிறவன். ஆசானின் பள்ளி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், என் வகுப்பு இந்தப் பக்கம். நாங்கள் இருவரும் இருபது ஆண்டுகளாக எலியும் பூனையுமாக இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவரைப் புகழ்ந்து பேச என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் இந்த ஊரில் கிடையாது. நான் மறுத்துத்தான் பார்த்தேன். மார்லூசியா அவர்கள் விடவில்லை. "நீங்கதான் பேசணும் அனேசியு. மத்தவங்க எல்லாம் அழுதுட்டு இறங்கிடுவாங்க. நீங்க அவரோட சண்டை போடுவீங்க. அவருக்கு அதுதான் பிடிக்கும்" என்றார்கள். ஆகவே சண்டை போட வந்திருக்கிறேன்.

எங்களுக்குள் என்ன சண்டை? ஒரே ஒரு சண்டைதான்.

பயிற்சிப் பாயில் இறங்கிப் பழகாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் உங்கள் கழுத்தைக் கையால் இறுக்குகிறார், அல்லது முழங்கையைப் பூட்டுப் போட்டு வளைக்கிறார். உங்களால் முடியவில்லை. அப்போது அவர் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். தட்டியதும் அவர் விட்டுவிட வேண்டும். இன்னும் ஒரு மூச்சு பிடித்துப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த விதி இல்லாமல் பயிற்சி நடக்காது. எலும்பு மிஞ்சாது. என் வகுப்பிலும் இந்த விதி உண்டு. ஆனால் எனக்கு அது வகுப்பின் வாசலோடு முடிந்துபோகிற விதி. ஆசான் ஜுராந்திருக்கோ, கலையே அதுதான். பிடிகளெல்லாம் அதற்கு வெறும் சாக்கு.

புதிதாக வருகிறவருக்கு அவர் முதலில் எதைக் கற்றுக்கொடுப்பார்? அடிக்கவா? பிடிக்கவா? விடக் கற்றுக்கொடுப்பார். முதல் வாரம் முழுக்க விடுவது மட்டும்தான். இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் பொறுமையிழந்து கேட்டார்: "ஆளைப் பிடிக்கக் கத்துக்கலாம்னு வந்தேன் ஆசானே. விடறதுக்கு என் பொண்டாட்டியே கத்துக்கொடுப்பா." ஆசான் யோசிக்கவே இல்லை. "அப்ப நாளைக்கு அவங்களையும் கூட்டிட்டு வா. எனக்கு ஒரு உதவி ஆசிரியை தேவைப்படுது" என்றார். அந்த அம்மா வந்தார். கணவரைவிட முன்னதாகத் தேறி நீலப் பட்டை வாங்கினார்.

நாங்கள் மோதிக்கொள்ளும் களம் ரொட்டிக்கடையின் காபி மேசை. நான் கேட்பேன்: "தெருவுல எவன் விடுவான், ஜுராந்திர்? உன் ஆளுங்க அங்க போய்த் தட்டிக்கிட்டே சாவாங்க. கண்ணுல குத்து, காலைக் கடி, ஓடு. இதச் சொல்லிக்கொடு." அவர் ரொட்டியைக் காபியில் முக்கிக்கொண்டே சொல்வார்: "தெருவுல நிக்கிறவன் வானத்துலேருந்தா குதிச்சான்? நம்ம வீட்டுலேருந்துதான் வர்றான். தினம் விட்டுப் பழகின கை, வெளிய போனாலும் விடும்." நான் சொல்வேன்: "உனக்குப் பித்து முத்திப்போச்சு." அவர் சொல்வார்: "உனக்குப் பயம் முத்திப்போச்சு." பிறகு அவர் என் தட்டிலிருந்த வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் நண்பர்களே, அந்த மனிதர் தன் பித்தை இந்த ஊருக்கே தொற்றவைத்தாரே. பேருந்து ஓட்டுநர் அமாரு இதோ உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டில் சண்டை வந்தால் தோற்கிறவர் சாப்பாட்டு மேசையைத் தட்டுவார். தட்டியதும் அடுத்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் மனைவி செனில்டா ஒருநாளும் பாயில் கால் வைத்தவர் இல்லை. "பீன்ஸ் ஆறிப்போகுது, சீக்கிரம் தட்டித் தொலைங்க" என்று அவர் கத்துவது தெருவுக்கே கேட்கும். அமாருவின் பேருந்தில் சன்னலுக்காக முட்டிக்கொள்கிறவர்கள் இருக்கைக் கம்பியைத் தட்டி ஓய்ந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது, பின்வரிசையில் யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். பாதிரியார் சிரிக்கிறார். அன்றைக்கு அவர் உடனே ஆமென் சொன்னார் என்பதற்கு இந்த அரங்கில் பாதிப்பேர் சாட்சி.

நான் இதையெல்லாம் கேலி செய்தேன். ஆனால் ஒருமுறை என் வாயை அவர் அடைத்தார்.

ஒருவன் வந்தான். இந்த வாரம் முழுவதும் அவன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஜோசிமார். ராணுவத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். சொந்த அண்ணனை நாற்காலியால் அடித்தவன். வந்த முதல் மாதமே அமாருவை மயங்க வைத்தான், தட்டியும் விடாமல். நானாக இருந்தால் அன்றைக்கே விரட்டியிருப்பேன். வேறு எந்த ஆசானும் விரட்டியிருப்பார். ஜுராந்திர் அவனைத் தன்னோடு பழக வைத்துக்கொண்டார். நான்கு வருடம் அவனுக்கு எதிராளி ஆசான் ஒருவர்தான். நாளடைவில் என்ன ஆயிற்று? விரல் பட்டாலே அவன் கை விலகியது. கடைசியில் ஒருநாள் அவனை ரொட்டிக்கடைக்குக் கூட்டிவந்து என் எதிரே உட்கார வைத்தார். "இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கியே அனேசியு, அதுக்குப் பதில் இதோ காபி குடிக்குது பாரு" என்றார். ஜோசிமார் வெட்கப்பட்டுச் சிரித்தான். வெண்ணெய்த் தட்டை நானே ஜுராந்திர் பக்கம் நகர்த்தினேன். என் வாழ்க்கையில் அது புதிது.

கடந்த சனிக்கிழமை பிற்பகல் நடந்ததை நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். கேள்விப்பட்டது போதாது. முழுவதும் கேளுங்கள்.

ரயில் நிலையத்தருகே உள்ள சூப்பர்மார்க்கெட்டில் ஆசான் காபித்தூள் வாங்கினார், காசு கொடுத்தார், கிளம்பினார். தோளில் பெரிய பை. அதற்குள் பயிற்சிக்குப் போடும் ஈரக் கிமோனோ. கறுப்பு மனிதன், பெரிய பை. அதற்கு மேல் இந்த ஊரில் விளக்கம் தேவையா? மேற்பார்வையாளர் பையைத் திறக்கச் சொன்னார். "திறந்தா நீங்கதான் வருத்தப்படுவீங்க தம்பி, துவைக்காத வேர்வை" என்று ஆசான் சிரித்திருக்கிறார். அது மேற்பார்வையாளருக்குச் சிரிப்பாகத் தோன்றவில்லை. காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி பின்னாலிருந்து வந்து கழுத்தைப் பிடித்தான். இரண்டு வருடம் வேலை இல்லாமல் அலைந்து, அந்த மாதம்தான் அங்கே சேர்ந்திருந்த காவலாளி. ஜோசிமார்.

கல்லாவில் இருந்த நெய்ஜி என்னிடம் சொன்னாள்: "அவரு கத்தலண்ணே. திமிறல. அவன் கையில ரெண்டு தட்டுத் தட்டினாரு. 'பரவாயில்ல தம்பி'ன்னு சமாதானம் பண்றாருன்னு நினைச்சேன். அப்புறம் மறுபடியும் தட்டினாரு. மேற்பார்வையாளர் 'போலீஸ் வர்ற வரைக்கும் விடாத, விடாத'ன்னுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அவரு கை தொங்கிருச்சு."

ஆசான் காவலாளியின் கையைப் பலமுறை தாக்கினார் என்று கடைக்காரர்கள் இப்போது சொல்கிறார்கள். கேட்டீர்களா? அந்தத் தட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் தாக்குதல்.

இந்த வாரம் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள்: அவ்வளவு பெரிய ஆசான் அந்தப் பிடியை ஏன் உடைக்கவில்லை? உடைக்கத் தெரியாதா அவருக்கு? தன்னைப்போல் இரண்டு மடங்கு கனமானவர்களை அவர் கவிழ்த்ததை நான் கண்ணால் பார்த்தவன். ஏன் உடைக்கவில்லை என்று நான் சொல்கிறேன். நான்கு வருடம் தன் கழுத்தில் விழுந்த கையை ஒரு மனிதனுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்க்காமலே அது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடைத்தால் அந்த முழங்கை போய்விடும். தட்டினால் போதும், அவன் விட்டுவிடுவான். அப்படித்தான் நினைத்தார். தட்டினார். காத்திருந்தார்.

ஜோசிமாரைக் காவலில் போய்ப் பார்த்தேன். அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் போனேன் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கே கேட்க வேண்டியிருந்தது.

"தட்டினது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"ஆசான்னு தெரிஞ்சுதா?"

"பையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா?"

அவன் சுவரைப் பார்த்தான். "அங்க பாய் இல்லண்ணே. அது வேலை. விட்டா வேலை போயிருக்கும்." நான் எழுந்துவிட்டேன். அப்போது சொன்னான்: "கை விடத்தான் பார்த்துச்சு. நான்தான் இறுக்கிக்கிட்டேன்."

அன்றிலிருந்து அந்தச் சொல்லோடுதான் படுத்து எழுந்திருக்கிறேன். ஆசான் கைக்குச் சரியாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார். கை மறக்கவில்லை. கைக்கு மேலே இருக்கிற மனிதனுக்கு யார் கற்றுக்கொடுப்பது? இரண்டு வருடப் பட்டினியோடு எந்தப் பள்ளி போட்டிபோட முடியும்? இருபது வருடச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன், ஜுராந்திர். இப்படி ஒரு வெற்றி என் பகையாளிக்குக்கூட வேண்டாம்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, பள்ளி நின்றுவிடக் கூடாது என்று மார்லூசியா அவர்கள் சொன்னதால் ரயில் பாதையைக் கடந்து போனேன். எல்லோரும் வந்திருந்தீர்கள். வழக்கம்போலப் பழகினீர்கள். கொஞ்ச நேரத்தில் ஏதோ குறைகிறதென்று பட்டது. தட்டும் சத்தமே இல்லை. கழுத்துப் பிடியில் கிடந்த அமாருவின் முகம் கறுத்து வீங்கியது. நான் ஓடிப்போய்ப் பிரித்தேன். அடுத்த மூலையில் ஜுசாரா. முழங்கை பூட்டில் கிடக்கிறது. "தட்டு" என்று கத்துகிறேன். அவள் தன் தோழியின் முகத்தைப் பார்த்தாள். தட்டவில்லை. தோழி தட்டுக்காகக் காத்துக்கொண்டே அழுத்தினாள். மூட்டு விலகிய சத்தம் எனக்குக் கேட்டது.

இதோ, கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருக்கிறாள். நகத்துக்குச் சாயம் பூசிப் பிழைக்கிறவள். பல மாதங்களுக்குத் தூரிகை பிடிக்க முடியாது. மருத்துவமனையில் அவளைத் திட்டினேன். "தட்டியிருக்கலாமே, ஏன் தட்டல?" அவள் சொன்னாள்: "தட்டி, அவ விடலன்னா என்னண்ணே பண்றது? தட்டாம இருந்தா அது தெரியாமலே போயிடும் இல்ல."

அன்பு மக்களே, நாம் ஒரு மனிதரை அடக்கம் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமாரு வீட்டு மேசையை இனி யார் தட்டுவார்கள்? தட்டினால் யார் நம்புவார்கள்? ஒரு மனிதர் முப்பது வருடம் ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டுச் சேர்த்ததை ஒரு பிற்பகல் கொண்டுபோய்விட்டது. இதற்கு ஆறுதல் ஏதாவது இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியாக ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். ஆசானின் பணி தொடரும், அவர் ஏற்றிய விளக்கு அணையாது என்று சொல்ல வேண்டும். மார்லூசியா அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாது. அணைந்துவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை மாலை பள்ளியைத் திறப்பேன். பாயில் நான் உட்காருவேன். நீங்கள் ஒவ்வொருவராக வந்து பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடிக்க வேண்டும். நான் தட்டுவேன். நீங்கள் விடுவீர்கள் என்ற நம்பிக்கையில் தட்டப்போவதில்லை. அந்த நம்பிக்கை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இங்கிருந்து உங்கள் கைகளைப் பார்க்கும்போது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் தட்டுவேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் யார்? இப்போதே கையைத் தூக்குங்கள்.

அமாரு, நீங்கள் தரையைப் பார்க்கிறீர்கள். அவருக்குப் பக்கத்தில், நீங்கள்?

யாரும் இல்லையா?

புரிகிறது. என் கழுத்தை நினைத்தல்ல, உங்கள் கையை நினைத்துத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள்.

ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன். வணக்கம்.