இருபத்துமூன்றாவது கையெழுத்து

மருத்துவமனைப் படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். நிவால்தோ ஒருவனே மடிப்பான். ஒரு முனையைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு ஓர் உதறு உதறுவான். மூலைகள் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. அவன்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.

இந்தக் கொக்கிம்போ ஊரில் பதினொரு வருடமாகச் சலவைக்கூடம் நடத்துகிறேன். சிறையிலிருந்து வந்தவர்களை மட்டும்தான் வேலைக்கு வைப்பேன். மற்ற இடங்களில் குற்றப் பதிவுக் காகிதத்தைக் கேட்பார்கள். பார்த்துவிட்டு, "கூப்பிடுறோம்" என்பார்கள். கூப்பிட மாட்டார்கள். நான் யாரிடமும் அந்தக் காகிதத்தைக் கேட்டதில்லை. எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேருக்கும் நான் அத்தை. மாலையில் ஒரே மேசையில் ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் தேநீருமாக உட்காருவோம். நகராட்சி மண்டபத்தில் என்னை மேடையேற்றி மாலை போட்டிருக்கிறார்கள்.

தண்டனை முடிந்தவன் மாதம் ஒரு முறை அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். விடாமல் இருபத்துநான்கு மாதம் போட்டால் பதிவு அழியும்; காகிதம் சுத்தமாகும். ஒரு மாதம் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான். அதனால் எல்லோருடைய அடையாள அட்டையையும் நானே வாங்கி வைத்துக்கொள்வேன். அவர்கள் கையில் இருந்தால் தொலைத்துவிடுவார்கள். முதல் திங்கட்கிழமை வேனில் ஏற்றிப் போவேன். அலுவலக வாசலில் அட்டையைக் கொடுப்பேன். வெளியே வந்ததும் வாங்கிக்கொள்வேன். யாரும் மறுத்ததில்லை. உள்ளே இருந்து பழகியவர்களுக்குப் பொருளை ஒப்படைப்பது சிரமமான காரியம் அல்ல.

நிவால்தோ லாரிக் கொள்ளையில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவன். மனைவி இல்லை. ஹோசெஃபா என்று பதின்மூன்று வயதில் ஒரு மகள். அவளை மனைவியின் தங்கை ரோசால்பா வளர்த்துவந்தாள். ஜூன் மாதம் தேநீர் மேசையில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னும் ரெண்டே ரெண்டு கையெழுத்து," என்றான் நிவால்தோ.

"அதுக்கப்புறம் தொரை துறைமுகத்துல பாரந்தூக்கி ஓட்டுவாரு," என்றாள் இஸ்திரி போடும் யேனி. "நம்மள ரோட்டுல பாத்தா ஹாரன்கூட அடிக்க மாட்டாரு."

"உனக்கு அடிச்சுத்தான் ஆகணும். நீ நடுரோட்டுலதான நடப்ப."

"பாப்பா என்ன சொல்றா?"

"எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பீங்கன்னு கேக்குறா. ரோசால்பா ஒரே பேச்சுல நிக்கிறா. சுத்தமான காகிதத்தக் கொண்டாந்து காட்டு, பொண்ணக் கூட்டிட்டுப் போன்னு."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே யோசித்தேன். துறைமுகத்தில் இவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? வெளியே போனவர்கள் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். விழாதவர்கள் திரும்பி வந்து என்னைப் பார்த்ததில்லை, ஆகவே அவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஜூலை முதல் திங்கள், அலுவலக வாசலில் மற்றவர்களின் அட்டைகளைக் கொடுத்தேன். நிவால்தோவின் அட்டை என் கைப்பையின் உள்ளறையில் இருந்தது. "காணோமேப்பா," என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் என்னைத்தான் தேற்றினான். "பதறாதீங்க அத்தை. எங்கயாவது துணியோட போயிருக்கும். தேடிப் பாத்துடலாம்."

அன்று வந்திருந்த அழுக்கு விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறித் தேடினான். ரத்தமும் மலமும் பட்ட விரிப்புகள். நானும் கையுறை போட்டுக்கொண்டு கூடவே தேடினேன்.

புது அட்டை வருவதற்குள் மாதம் முடிந்துவிட்டது. ஆனால் அலுவலகத்தில் ஒரு வழி சொன்னார்கள். அட்டை வேலையிடத்தில் தொலைந்தது, ஆள் மாதம் முழுக்க ஒழுங்காக வேலைக்கு வந்தான் என்று முதலாளி கடிதம் கொடுத்தால், அந்த ஒரு மாதத்தை மன்னிப்பார்கள். அங்கே கடிதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளி எழுதி உறையை ஒட்டி, மூடியின்மேல் முத்திரை குத்த வேண்டும். அதை அந்த ஆளே தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

நான் எழுதினேன். 'இம்மாதம் ஆறு நாட்கள் காரணம் சொல்லாமல் பணிக்கு வரவில்லை. இரு முறை மதுவாடை உணர்ந்தேன். அட்டை இங்கே தொலைந்ததாக அவர் கூறுவதை என்னால் உறுதிசெய்ய இயலாது. ஆயினும் அவரைக் கைவிட எனக்கு மனமில்லை.' கடைசி வரி முழு உண்மை.

அன்று தூறல். உறை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். போகுமுன் என் கையை எடுத்து முத்தமிட்டான்.

மதியம் திரும்பி வந்தான். "மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணுமாம். நீங்க அவ்ளோ நல்லா எழுதிக் குடுத்தும் ஒத்துக்கல பாருங்க, அத்தை," என்றான். அவனுக்கு நானே தேநீர் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வழக்கம்போல விரிப்பு மடித்தான்.

அவனுக்கு முன்னால் மூன்று பேருக்கு இதே கடிதம் எழுதியிருக்கிறேன். மறைக்கவில்லை. முதல் ஆள் பெலார்மினோ. அவனுக்கு இருபத்தோராவது மாதக் கையெழுத்து தவறிப்போயிற்று. பிறகு உண்மையாகவே குடிக்க ஆரம்பித்தான். ஒரு கடைக் கண்ணாடியை உடைத்து மறுபடி சிறைக்குள் போய்விட்டான். என் கணிப்பு தவறவில்லை என்பதற்கு அவனே சான்று. கையெழுத்து அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண் அதிகாரி நான்கு கோப்புகளிலும் ஒரே வாசகம் இருப்பதைக் கண்டுபிடித்தாராம். மாற்றி எழுதியிருக்கலாம். எனக்கு வேலை அதிகம்.

நேற்று விசாரணையில் நீங்கள் அந்தக் கடிதத்தை நிவால்தோவிடம் காட்டினீர்கள். இரண்டு முறை படித்தான் என்றீர்கள். பிறகு வெளியே தாழ்வாரத்தில் என்னருகே வந்து நின்றான். "உள்ள இருந்தப்ப பூட்டு கண்ணுக்குத் தெரிஞ்சுது, அத்தை," என்றான். கவனியுங்கள், அப்போதும் அத்தை என்றுதான் கூப்பிட்டான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு இது தெரியாது. ஆகஸ்டில் ரோசால்பா சலவைக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். "காகிதம் ஏன் வரலன்னு புரியல. அவரு குடிக்கிறாராம்மா? பொண்ணு விஷயம், உண்மையச் சொல்லுங்க," என்றாள். "நான் என்னம்மா சொல்றது," என்றேன். அவ்வளவுதான். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவள் எனக்கு நன்றி சொல்லி வைத்தாள். அடுத்த வாரமே ஹோசெஃபாவை அழைத்துக்கொண்டு தெற்கே, நாட்டின் கடைசி முனைக்குப் போய்விட்டாள். முகவரி கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நிவால்தோ ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்கு வந்தான். நான் கூப்பிடவில்லை ஐயா. பாவம், அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.