பாயின்ட் ஒம்பது மூடி

ராமாமணி: ஏனுங்க, ரேடியேட்டர் மூடிய இப்பத் தொறக்காதீங்க. ஆவி மூஞ்சியில அடிச்சுப்போடும்.

வேங்கடசாமி: தொறக்கல... சும்மா பாத்தேன்.

ராமாமணி: புது மூடியாட்ட இருக்குது?

வேங்கடசாமி: நேத்துதான். துடியலூர்ல, நம்ம மெக்கானிக் நசுருதீன் கடையில.

ராமாமணி: பாயின்ட் ஒம்பதுன்னு போட்டிருக்குது. நம்ம காருக்கு ஒன்னு பாயின்ட் ஒன்னு இல்லீங்களா?

வேங்கடசாமி: பிரஷர் கம்மியா இருந்தா நல்லதுதான. மனுசனுக்கே டாக்டர் அதத்தான சொல்றாரு.

ராமாமணி: பிரஷர் கொறஞ்சா தண்ணி சீக்கிரம் கொதிக்குமுங்க. குக்கர் வெக்கறவகிட்ட இதச் சொல்றீங்களே.

வேங்கடசாமி: சரி உடு... பாட்டில்ல தண்ணி இருக்குதா?

ராமாமணி: கொண்டுட்டு வரலீங்க.

வேங்கடசாமி: கோயிலுக்குப் போனாலே நாலு பாட்டில் தூக்குவியே?

ராமாமணி: மறந்துபோச்சு... உங்க போன் அடிக்குது. அந்தியூர் அக்காதான்.

வேங்கடசாமி: அலோ... அக்கா, அன்னூர்கிட்டயே வண்டி நின்னுபோச்சுங்க்கா... வேண்டாங்க்கா, கார் அனுப்பாதீங்க. வண்டிய ரோட்டுல உட்டுப்போட்டு எப்படி வாரது... சரிங்க்கா.

ராமாமணி: என்னங்கறாங்க?

வேங்கடசாமி: பத்தரையோட நல்ல நேரம் முடியுதாம். நாளைக்கு ஆடி பொறக்குது. இனி ஆவணியிலதான் தட்டு மாத்தோணுமாம்.

ராமாமணி: அதுக்குள்ள நம்ம பொண்ணு அக்ஷிதா ஜெர்மனிக்குப் படிக்கப் போயிருவாளே.

வேங்கடசாமி: ஆமா... ரெண்டு வருசத்துக்கு அக்கா மகனுக்குப் பேச்சே எடுக்க முடியாது.

ராமாமணி: ரொம்ப வருத்தமுங்களா? மீசைக்குள்ள சிரிப்புத் தெரியுது.

வேங்கடசாமி: அக்காளுக்கு உரிமை இருக்குது. நேர்ல உக்காந்து கேட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது, ராமாமணி. இங்க நம்ம பாப்பாளுக்கு இந்தச் சம்மந்தப் பேச்செடுத்ததுல இருந்து சோறே எறங்கல. அதான் கொறஞ்ச மூடியாப் பாத்து கேட்டு வாங்கி மாட்டிப்போட்டேன்.

ராமாமணி: தெரியுமுங்க. நசுருதீன் நேத்தே ஊட்டு நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாரு.

வேங்கடசாமி: தெரிஞ்சுமா வாயத் தொறக்காம ஏறி உக்காந்த?

ராமாமணி: அந்த மூடியோடயே அந்தியூர் வரைக்கும் ஓடிரும், பயப்படாதீங்கன்னாரு. அதுலதான் எனக்குப் பயமே வந்துச்சு.

வேங்கடசாமி: அப்புறம் எப்படி இங்கயே கொதிச்சுது?

ராமாமணி: டிக்கியில, தாம்பாளத்துக்கு அடியில ரெண்டு பாட்டில் இருக்குதுங்க. பத்தரை தாண்டுனதும் எடுத்து ஊத்துங்க. காலையில நீங்க குளிக்கறப்ப ரேடியேட்டர்ல இருந்து நான் எறக்குன அதே பச்சைக் கலர் கூலன்ட்தான்.